வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறீர்களா? உங்கள் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு வழிகாட்டி

மருத்துவமனையிலிருந்து அப்பாவையோ அம்மாவையோ வீட்டுக்கு அழைத்து வரும்போது கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கொடுப்பார்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, உப்பை எவ்வளவு குறைக்க வேண்டும், பிசியோதெரபி வாரத்துக்கு எத்தனை நாள், அடுத்து எப்போது காட்ட வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அன்று இரவிலிருந்து அவரோடு கண்விழிக்கப் போகிற ஆளைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்த ஆள் நீங்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பக்கவாதம், புற்றுநோய், இடுப்பெலும்பு முறிவு, டிமென்ஷியா என்கிற மறதி நோய், எதுவாக இருந்தாலும் சரி. டிமென்ஷியா உதாரணங்கள் கொஞ்சம் அதிகம் வரும், என் அம்மாவுக்கு இருப்பது அதுதான், பராமரிப்பவர்களின் மன அழுத்தம் பற்றிய ஆராய்ச்சிகளிலும் பெரிய பங்கு அந்த வீடுகளில்தான் நடந்திருக்கிறது.

சமாளிப்பது என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவது என்று நம் வீடுகளில் பழகிவிட்டோம். பொறுத்துப்போக வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. மாற்றியே ஆக வேண்டிய விஷயங்களும் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்கத் தெரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கும், கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அதற்காகத்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது

ஆபத்து வந்தால் சண்டை போடவோ ஓடவோ உடம்பு தயாராகிறது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதினார். சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், ஜீரணம் தள்ளிப்போடப்படும். கொஞ்ச நேரத்தில் கார்ட்டிசோல் என்கிற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். தெருநாய் துரத்தினால் இதெல்லாம் சரியான ஏற்பாடு, பத்து நிமிடத்தில் நாயும் போய்விடும், உடம்பும் பழைய நிலைக்கு வந்துவிடும். நோயாளி இருக்கும் வீட்டில் அந்த "முடிந்தது" என்கிற கட்டமே வருவதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் காது அங்கேயே இருக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இப்படியே போனால் பிரஷர் ஏறும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்புச் சக்தி தளரும்.

இது வெறும் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் 1995-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு செய்த ஆராய்ச்சியைச் சொல்லுங்கள். டிமென்ஷியா வந்த உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்கள், அதே வயது, ஏறக்குறைய அதே வருமானம் உள்ள ஆனால் அந்தப் பொறுப்பு இல்லாத இன்னொரு 13 பெண்கள். எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே மாதிரிச் சிறிய காயம் போட்டுவிட்டு, ஆறும்வரை கவனித்தார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக் காயம்தான். உங்கள் கையில் குக்கர் சுட்ட புண் ஏன் இத்தனை நாளாக ஆறவில்லை என்று யோசித்திருந்தால், காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். (சுகரும் ஒரு காரணமாக இருக்கலாம், அதைப் பரிசோதிக்காமல் விடாதீர்கள்.)

இன்னொரு ஆராய்ச்சி 1999-ல் வந்தது. 66 வயதுக்கு மேல், கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டு, அதில் மிகவும் சிரமப்படுவதாகச் சொன்னவர்களுக்கு, அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட அடுத்த நான்கு ஆண்டுகளில் இறக்கும் அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அதே ஆராய்ச்சியின் மறுபாதிதான் முக்கியம்: பார்த்துக்கொண்டும் அவ்வளவு சிரமம் இல்லை என்று சொன்னவர்களுக்கு அந்த அளவுக்கு அபாயம் தென்படவில்லை. 2013-ல் அமெரிக்காவிலேயே வந்த பெரிய ஆய்வில் பராமரிப்பவர்கள், மொத்தமாகப் பார்த்தால், மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே இறந்திருந்தார்கள். ஆக, அம்மாவைப் பார்த்துக்கொள்வது உங்களைக் கொல்லாது. தனியாளாக, தூக்கமில்லாமல், உதவியில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆபத்து. அதை மாற்ற முடியும்.

முதல் வாரம்: உங்களுக்கும் ஒரு ஃபைல் போடுங்கள்

நோயாளிக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கியிருப்பீர்கள். அதே கடையில் இன்னொன்று வாங்கி உங்கள் பெயரை எழுதுங்கள். பிரஷர், சுகர், எடை, ஹீமோகுளோபின், இவ்வளவு போதும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அது தீர்ந்துபோகும் தேதியையும் எழுதி வையுங்கள், ஏனென்றால் நோயாளியின் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதவர்கள் தங்கள் பிரஷர் மாத்திரையை வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது, "வீட்டில் படுக்கையில் இருப்பவரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், இரவில் தூக்கம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. பரிசோதனையும் மருந்தும் அதற்கேற்ப மாறலாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சை, பிசியோதெரபி, எல்லாம் அதில் உண்டு. நோயாளிக்காகக் கேட்கப் போகும்போது உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்த இரண்டு வாரம்: எந்த நேரம் உங்களை முறிக்கிறது என்று குறித்துவையுங்கள்

"நாள் பூரா கஷ்டம்தான்" என்றுதான் எல்லோரும் சொல்வோம். எழுதிப் பார்த்தால் அப்படி இருப்பதில்லை. ஒரு பழைய நோட்டை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, நேரம், என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, என மூன்று மட்டும் கிறுக்கிக்கொண்டே வாருங்கள். அழகாக எழுத வேண்டியதில்லை, "6.10, டயபர் மாற்ற விடவில்லை, கத்திவிட்டேன்" என்று இருந்தால் போதும். இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் ஒரே இடங்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். சிலருக்குக் குளிப்பாட்டும் நேரம், சிலருக்கு நள்ளிரவு, சிலருக்கு நோயாளியைவிட அவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள்.

எங்கள் வீட்டில் அது மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. ஐந்து மணி ஆனதும் அம்மா இரண்டு புடவையை ஒரு துண்டில் மூட்டை கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார், "இருட்டிடும், வீட்டுக்குப் போகணும்" என்பார். முப்பது வருடமாக இருக்கிற வீடு இது. டிமென்ஷியா உள்ளவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் எனக்கு அது நோட்டில் பார்த்த பிறகுதான் நேரக்கணக்கோடு புரிந்தது. புரிந்த பிறகு அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் தயாராக இருந்தால் போதும் என்று ஆனது, நாள் முழுக்கப் பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

எண்ணாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸரிட் சுமை அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மனநல மருத்துவமனைகளிலும் முதியோர் மருத்துவப் பிரிவுகளிலும் கேட்டால் போட்டுக் காட்டுவார்கள்.

நோட்டை இரண்டாகப் பிரியுங்கள்

கட்டுரையில் இதை மட்டும் படித்தாலும் போதும். ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் என்கிற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1984-ல் விரிவாக எடுத்துவைத்த கருத்து இது. ஒரு நெருக்கடி வந்ததும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறது: இதனால் எனக்கு ஆபத்தா? இதைச் செய்ய என்னிடம் வகை இருக்கிறதா? "ஆபத்து, ஆனால் வகை இல்லை" என்று இரண்டுக்கும் பதில் வரும்போதுதான் அழுத்தம் ஏறுகிறது. சமாளிக்கும் வழிகளும் இரண்டு. சிக்கலையே மாற்றுவது ஒன்று, சிக்கல் மாறாதபோது அதனால் நமக்குள் எழும் உணர்ச்சியைக் கையாள்வது இன்னொன்று. எது சிறந்தது என்ற கேள்விக்கு இடமில்லை, எதை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. மாற்றக்கூடியதைப் பொறுத்துக்கொண்டே இருப்பதும் உடம்பைத் தின்னும், மாறாததோடு தினம் மல்லுக்கட்டுவதும் தின்னும்.

நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "மாறும்" அல்லது "மாறாது" என்று எழுதுங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்கள், உங்கள் தூக்கம் போவது அதனால்தான். இது "மாறும்" பக்கம். காற்றடைத்த ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்கிறது. அதைப் போட்டால் இரவில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும் என்று மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேட்கலாம், முதல் பாதி இரவு நீங்கள், பின் பாதி வேறொருவர் என்று பிரிக்கலாம். யூரின் பை ஒழுகிப் படுக்கை நனைகிறதா, மாறும், குழாயை எப்படி மாட்டுவது என்று நர்ஸை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தனியாளாகத் தூக்கி உட்கார வைப்பதில் இடுப்பு வலிக்கிறதா, மாறும், பிசியோதெரபிஸ்டிடம் முதலில் உங்களுக்குத் தூக்கும் முறையைச் சொல்லித்தரக் கேளுங்கள். பல பேர் மாதக்கணக்கில் வலியோடு தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயத்துக்காக. அதுதான் எனக்கு மனசு கேட்காத இடம்.

அம்மா ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பது "மாறாது". விளக்கிச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தால் நாற்பது தடவையும் தோற்போம், இரண்டு பேருக்கும் கோபம்தான் மிஞ்சும். அங்கே மாற்றக்கூடியது பதில் மட்டும். "இதுதாம்மா நம்ம வீடு" என்று வாதாடுவதை விட்டுவிட்டு, "போலாம்மா, காபி குடிச்சிட்டுப் போலாம்" என்றால் மூட்டை கீழே இறங்குகிறது. பொழுது சாய்வதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம், டிவியை அணைத்துவிடுகிறோம், கீரை ஆய்வது மாதிரி கைக்கு ஒரு வேலை கொடுக்கிறோம். எல்லா நாளும் பலிக்காது. பலிக்காத நாளில் அது நோயின் வேலை, என் தோல்வி இல்லை என்று சத்தமாகச் சொல்லிக்கொள்வது உண்மையிலேயே உதவுகிறது.

மாறாத பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நமக்குத் தெரிந்த ஆள் இல்லை. துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள், காரணம் யாரும் சாகவில்லை. பாலின் பாஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இந்த மாதிரி இழப்பைப் பற்றியே வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார். உங்களுக்குக் காரணமே தெரியாமல் அழுகை வருகிறது என்றால் அது பலவீனம் இல்லை, துக்கம். அதற்கு உபாயம் தேட வேண்டாம், அழுங்கள்.

உதவி கேட்பது எப்படி

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்று எல்லோரும் சொல்வார்கள். "சரி" என்று நாமும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். அதோடு முடிந்தது. யாரிடம், எந்த வேலை, எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, இந்த நான்கும் இல்லாத கோரிக்கை கோரிக்கையே இல்லை. "அண்ணா, ஞாயித்துக்கிழமை காலைல எட்டுல இருந்து ஒரு மணி வரைக்கும் அப்பாவை நீங்க பாத்துக்கணும், நான் வெளிய போயிட்டு வரேன்" என்று கேட்டுப் பாருங்கள். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களால் நேரம் தர முடியாது, ஆனால் பகலில் மட்டும் வரும் அட்டெண்டரின் சம்பளத்தைத் தரலாம், மருந்துகளை ஆன்லைனில் ஆர்டர் போடலாம், தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வந்து அம்மாவிடம் அரை மணி நேரம் பேசலாம். அந்த அரை மணி நேரம் உங்களுக்குக் குளிக்கக் கிடைக்கும்.

அப்புறம், எல்லோரையும் ஒரே நாளில் உட்கார வைத்துப் பேசுங்கள். செலவு எவ்வளவு ஆகிறது, யார் எவ்வளவு தருகிறார்கள் என்று பேப்பரில் எழுதுங்கள். பணப் பேச்சைத் தள்ளிப்போடும் வீடுகளில் அது கசப்பாக மாறி, நோயாளி போன பிறகும் மிச்சமிருக்கிறது. நம் பக்கத்தில் இந்த வேலை பெரும்பாலும் ஒரு மருமகள் தலையிலோ கல்யாணம் ஆகாத ஒரு மகள் தலையிலோ, யாரும் கேட்காமலேயே வந்து விழுகிறது. ஆண்பிள்ளைகள் "பணம் தருகிறோமே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது நியாயம் இல்லை. ஆண்களும் டயபர் மாற்றக் கற்றுக்கொள்ளலாம், ஒரே வாரத்தில் கை பழகிவிடும்.

உறவினர் யாரும் இல்லை, இருந்தும் உதவவில்லை என்றால், இந்தியாவில் முதியோருக்கான உதவி எண் 14567, எங்கே என்ன வசதி இருக்கிறது என்று வழிகாட்டுவார்கள். டிமென்ஷியா என்றால், அல்சைமர் நோயாளிகளுக்காக 1992-ல் தொடங்கப்பட்ட ஏஆர்டிஎஸ்ஐ அமைப்புக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே நிலைமையில் இருக்கும் இன்னொருவரிடம் பத்து நிமிடம் பேசுவது வேறு எதற்கும் ஈடாகாது, விளக்கம் சொல்லவே தேவைப்படாது அங்கே.

கோபம் தலைக்கேறும் அந்த ஐந்து நிமிடம்

வரும். எல்லோருக்கும் வரும். சோற்றைத் துப்பும்போது, மாற்றிய உடனே மறுபடி படுக்கையை நனைக்கும்போது, கை ஓங்கத் தோன்றும். அந்த நொடியில் செய்ய வேண்டியது: அவர் விழாத மாதிரி, சாப்பாடு புரையேறாத மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள், குழாயைத் திறந்து கையை நீட்டுங்கள். பிறகு மெதுவாக மூச்சு. இழுப்பதற்கு நான்கு எண்ணினால் விடுவதற்கு ஆறு எண்ணுங்கள், அப்படி நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நீளமாக மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்குகிறது, அதனால் இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, உடம்பின் அலாரத்தை அணைக்கும் நேரடி வழி. மூன்று நிமிடம் செய்தால் போதும். பழகாமல் கோபத்தின் நடுவில் முதல்முறையாகச் செய்தால் வராது, அதனால் காலையில் பால் காயும் நேரத்தில் தினமும் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

இரவில் மனதில் ஓடுவதை எழுதுவதும் சிலருக்குக் கைகொடுக்கிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்கிற உளவியலாளர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு இரவு, இரவுக்கு 15 நிமிடம், மனதை உறுத்தும் விஷயத்தை எழுதிய மாணவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவே இருந்தது, எல்லோருக்கும் கிடைக்கவும் இல்லை. எழுதிய பிறகு மனம் இன்னும் கனத்தால் விட்டுவிடுங்கள். எழுதியதைக் கிழித்துப் போட்டாலும் சரிதான்.

தூக்கம், சாப்பாடு, மாத்திரை

இரவில் ஒரே நீட்டாகக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் தூங்க வழி செய்யுங்கள். மேலே சொன்ன எல்லா உதவியிலும் முதலில் கேட்க வேண்டியது இதற்குத்தான். நோயாளிக்குக் கரைத்த கஞ்சியில் மிஞ்சியதைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்தது என்று இருக்காதீர்கள், உட்கார்ந்து தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள். மாலை நான்குக்கு மேல் காபி வேண்டாம். தினம் இருபது நிமிடம் மொட்டைமாடியிலோ தெருவிலோ நடந்தால் வாரத்துக்கு 140 நிமிடம் ஆகிறது, உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவான 150-க்குப் பக்கத்தில் வந்துவிடும்.

நோயாளிக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அல்ப்ரசோலம், டயஸிபாம் வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடக்கூடியவை, திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. குடியும் அப்படித்தான், தூக்கம் வருவது போல இருக்கும், நடு இரவில் எழுப்பிவிடும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை, படுக்கக் கிடைத்தாலும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் போக வேண்டும். நோயாளியை அடித்துவிட்டீர்கள் அல்லது அடித்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். "நான் செத்துப்போனால் தேவலை", "இரண்டு பேரும் சேர்ந்து போய்விடலாம்" என்று நினைப்பு வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் யாரையாவது முதலில் கூப்பிட்டு உட்கார வையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

இந்தியாவில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் சேவை அது, இலவசம், 24 மணி நேரமும் இயங்கும், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கும், நேராகப் போய்ச் சீட்டு வாங்கினால் போதும்.

போனை எடுத்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் பலர் வைத்துவிடுகிறார்கள். முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டில் படுக்கையில் இருக்கும் அப்பாவை நான் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், என்னால் முடியவில்லை" என்று சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.